செல்லரித்த கண்ணி

கரியும் பிசினும் குழைத்தாயிற்று.
வுளூச் செய்த கையில் இன்னும் ஈரம்.
நகூதா ஷிப்வானா முன்பணம் தந்துவிட்டான்:
இரண்டு ரியால், ஒரு கட்டுக் கருநீலத் துணி.
காகிதமும் அவனுடையதே,
விளக்குக்கு நேரே பிடித்தால்
மூன்று பிறை மிதக்கும் காகிதம்.
"நோன்பு பிறக்குமுன் வேண்டும்.
ஓர் எழுத்தும் குறையக் கூடாது, சோமோயே."

மூலப் பிரதி ஃபாஸாவிலிருந்து வந்தது,
மீன்கூடையில், வாழையிலை சுற்றி.
சுலைமான் நபியின் கதை.
எழுநூற்றுப் பன்னிரண்டு கண்ணி.
கண்ணிக்கு நாலு துண்டு:
மூன்று தமக்குள் ஒத்துப் போகும்,
நாலாவது எப்போதும் 'யா' என்று முடியும்,
எப்படி எப்படியோ எழுகிற அலையெல்லாம்
ஒரே பாறையில் வந்து உடைவதுபோல.

அறுநூற்று நாற்பது வரை தடையில்லை.
எறும்பு பேசியது.
கொண்டலாத்தி கடிதம் கொண்டுபோனது.
பளிங்குத் தரையைத் தண்ணீரென்று நினைத்து
ராணி ஆடையைத் தூக்கினாள்.
அந்த இடத்தில் எனக்கு முன்னால் எழுதியவன்
கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறான், மை வழிந்திருக்கிறது.
பிறகு நபி கோலூன்றி நின்றார்.
நின்றபடியே மௌத்தானார்.
ஜின்களுக்குத் தெரியாது.
கல் சுமந்தன, செம்பு உருக்கின,
திரும்பிப் பார்த்து, அவர் பார்க்கிறார் என்று
மறுபடி கல் சுமந்தன.

அப்புறம் கரையான் வந்தது.
கதையில் அல்ல,
காகிதத்தில்.

உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை.
கோலைத் தின்ற சிறுபூச்சியைச் சொல்லும் கண்ணியை
அதன் பேரப்பிள்ளைகள் தின்றிருக்கின்றன.
இடது ஓரத்தில் மிச்சம் 'யா' மட்டும்,
மீன் தின்ற தட்டில் வால் போல.

கேட்டுப் பார்த்தேன்.
கப்பல்தச்சன் அத்துமானி உளியை நிறுத்தாமலே சொன்னான்:
கரையான் முதலில் கோலிடம் அனுமதி கேட்டதாம்.
தேங்காயெண்ணெய் விற்கும் மோஸா,
இல்லை, அது அழுதபடியே தின்றது,
கண்ணீர் பட்டுத்தான் மரம் இளகியது என்றாள்.
காதி தாடியைத் தடவினார்:
பூச்சிக்குப் பசி, அவ்வளவுதான்.
மூவரும் பாடியே காட்டினார்கள்.
மூன்றும் 'யா' என்று முடிந்தன.
மூன்றிலும் எட்டசை தப்பவில்லை.

அன்றிரவு நானே ஒன்று கட்டினேன்.
பொய் சொல்லமாட்டேன்,
மற்ற மூன்றையும்விட நல்ல கண்ணி.
நாணலை மையில் தோய்த்தேன்.
தோய்த்த கை அந்தரத்தில் நின்றது.
நுனியில் துளி கனத்தது.
நானும் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு
யார் பெயரிலோ நிற்பதுபோல் இருந்தது.

துளியைத் துணியில் ஒற்றினேன்.
நாலு துண்டு அகலத்துக்குச்
சிவப்பு மையில் கட்டம் போட்டேன்.
உள்ளே வெறும் பிறைகள்.

கடைசி ஏட்டில் வழக்கமாய் எழுதுவது,
கை மண்ணாகும், எழுத்து நிலைக்கும் என்று.
எனக்கு அது எழுத வரவில்லை.
'எழுதியவள் ஷேயின் மகள் சோமோயே,
சியூவில், தெற்குக்காற்று திரும்பும் மாதம்.
பிழை என்னுடையது.
ஓட்டை என்னுடையது அல்ல.'

நோன்பின் ஒன்பதாம் இரவு,
தராவீஹ் முடிந்து, நகூதா வீட்டு நீளறையில்,
திரைக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் கோம்போ ஓதிக்கொண்டே
சிவப்புக் கட்டத்துக்கு வந்தான்.
நிறுத்தினான்.
யாரும் இருமவில்லை,
பேரீச்சங்கொட்டையை வாயில் உருட்டிய பையன்கூட.
அப்போது கேட்டது,
தலைக்குமேல், கண்டல்மர உத்திரத்துக்குள்,
சின்னதாய், பொறுமையாய்,
யாரோ எதையோ கொறிப்பது.

கோம்போ அடுத்த கண்ணிக்குப் போனான்:
கோல் முறிந்தது, உடல் சாய்ந்தது,
ஜின்கள் கல்லைக் கீழே போட்டன.

வெற்று நாலு துண்டுக்கு
நகூதா என் கூலியில் கால் ரியால் பிடித்துக்கொண்டான்.
பெருநாள் கழிந்த மறுவாரம்
அந்தக் கால் ரியால் அத்துமானியிடம் போயிற்று,
உத்திரம் மாற்ற.